மாமாவின் தே தாரிக்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கும் என் மாமா பழைய இராணுவ வீரர். கம்யூனிஸ்டுப் போராளிகளோடு 1989இல் ஹாட்யாய் சமாதான ஒப்பந்தம் ஆகும்வரை கிரிக் காடுகளில் ரோந்து போனவர். ஓய்வுக்குப் பிறகு சம்சு என்ற மலிவுச் சாராயத்தில் விழுந்தார்.

போன வருடம் ஒரேயடியாக நிறுத்தினார். "மனவுறுதி போதும் மாமா" என்று தூண்டியதே நாங்கள்தான். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. பல வருடம் விடாமல் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிரே போகலாம் என்று அன்றுதான் தெரிந்தது. இன்னும் நெஞ்சு அடைக்கிறது. வீட்டில் யாராவது நிறுத்த முன்வந்தால், முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இப்போது வாரந்தோறும் குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கு ஃபெரியில் ஜார்ஜ் டவுன் போகிறோம். காட்டில் இழந்த நண்பனைப் பற்றி அங்கேதான் முதன்முதலாக வாய் திறந்தார்.

நேற்று தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீர்க் குவளையை ஒற்றைக் கையால் தூக்கினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. "பார்த்தாயா ஐயா?" என்றார்.