4,070 சுற்று எண்ணிய மனிதர்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஜூலை 24 அரசு விடுமுறை. 1847இல் அந்தத் தேதியில்தான் மார்மன் என்ற மதப்பிரிவின் தலைவர் பிரிகாம் யங் தன் குழுவோடு இங்குள்ள சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார். ஊர்வலம், வாணவேடிக்கை எல்லாம் உண்டு. இங்கே குடிவந்த புதிதில் அவர் சிலையையும் அவர் பெயரிலான பல்கலைக்கழகத்தையும் பார்த்து, மார்மன் முன்னோடி என்றால் இவர்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் படிக்கப் படிக்க என் மனம் ஒட்டிக்கொண்டது அந்தப் பயணத்தில் எழுத்தராக வந்த வில்லியம் கிளேட்டனிடம். நானும் கணக்கு வேலை பார்க்கிறவன், அந்தப் பாசமாக இருக்கலாம்.

இங்கிலாந்தில் லங்காஷயரில் 1814இல் பிறந்தவர். அங்கே ஆலையில் கணக்கெழுதினார். மார்மன் மதத்துக்கு மாறி, 1840இல் அமெரிக்கா போய், அந்த மதத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்கே எழுத்தரானார். ஸ்மித் கொல்லப்பட்டு, மார்மன்கள் மேற்கே புறப்பட்டபோது இவரும் கிளம்பினார்.

1847 முதல் குழுவில் தினமும் ஒரு சச்சரவு: இன்றைக்கு எத்தனை மைல் வந்தோம்? ஆளாளுக்கு ஒரு குத்துமதிப்பு. எல்லாரும் கூட்டித்தான் சொல்கிறார்கள் என்பது கிளேட்டனின் எரிச்சல். ஒரு வண்டியின் பின்சக்கரத்தை அளந்தார். சுற்றளவு 14 அடி 8 அங்குலம். 360 சுற்றுக்குச் சரியாக ஒரு மைல். மே 8ஆம் தேதி ஆரக்காலில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிட்டு, நாள் முழுக்கக் கூடவே நடந்து எண்ணினார். பிளாட் ஆற்றங்கரையில் எங்கு பார்த்தாலும் காட்டெருமை மந்தை; மற்றவர்கள் அதை வேடிக்கை பார்க்க, இவர் கண் துணியைவிட்டு நகரவில்லை. 4,070 சுற்று. அதாவது பதினொன்றேகால் மைலும் மிச்சம் 20 சுற்றும். அந்த மிச்சத்தையும் விடாமல் எழுதிவைத்தார் பாருங்கள், அங்கேதான் ஆள் எனக்குப் பிடித்துப்போனார்!

தினமும் இப்படி எண்ண முடியுமா? குழுவில் இருந்த ஆர்சன் பிராட் திருகும் பல்சக்கரமும் வைத்து ஒரு கருவிக்குத் திட்டம் போட்டார். தச்சர் ஆப்பிள்டன் ஹார்மன் மரத்தில் செய்து கொடுத்தார். இரண்டு நாளில், கருவியே தன் கண்டுபிடிப்பு என்று ஹார்மன் காட்டிக்கொள்வது கிளேட்டனுக்குப் பொறுக்கவில்லை. அவர்மேல் இருந்த மதிப்பு குறைந்துவிட்டது என்று நாட்குறிப்பில் எழுதிவிட்டார். ஆபீஸ் அரசியல் பாலைவழியிலும் விடவில்லை.

அந்த அளவுகளை வைத்து 1848இல் செயின்ட் லூயிஸில் ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டார். எந்த ஓடையிலிருந்து எந்த மேட்டுக்கு எத்தனை மைல், எங்கே விறகு கிடைக்கும், எங்கே தண்ணீர் உதவாது, எல்லாம் அதில் இருந்தது. அடுத்த வருடம் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனவர்களும் அதைப் பயன்படுத்தினார்கள். இந்தப் பாதையில் வந்து குவிந்தவர்களால் ஷோஷோனி, யூட் என்ற பூர்வகுடி மக்கள் தங்கள் நிலத்தை இழந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பலதார மணத்துக்கு அனுமதி தந்த ‘இறைவெளிப்பாட்டை’ 1843இல் ஸ்மித் சொல்லச் சொல்லக் கைப்பட எழுதியவர் இவர்தான். அதன்படி வாழவும் செய்தார். பிள்ளைகள் மட்டும் 40க்கு மேல். 1846 ஏப்ரலில், ஐயோவாவின் சேற்றில் முகாமிட்டிருந்தபோது, புறப்பட்ட ஊரான நாவூவில் விட்டுவந்த டயந்தா என்ற மனைவிக்கு மகன் பிறந்ததாகச் செய்தி வந்தது. அந்த மகிழ்ச்சியில் எழுதிய பாட்டை இன்றும் இங்குள்ள தேவாலயங்களில் பாடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அதைப் பாடினாலே குரல் தழுதழுக்கும். வழிநடையின் கஷ்டம், இறந்துபோனவர்கள், சேரப்போகும் ஊர் எல்லாம் பாட்டில் வருகிறது. கணவர் பக்கத்தில் இல்லாமல் உடம்புக்கு முடியாத நிலையில் பிள்ளை பெற்றவளைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. நல்ல பாட்டுதான், எனக்கு அந்தக் குறை போகவில்லை.