சுண்டு விரல் எங்கே இருக்கிறது?

ஏற்காட்டில் நான் கிளினிக் போட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. காய்ச்சல், சர்க்கரை, பிரஷர், காப்பித் தோட்டத்தில் அரிவாள் பட்ட விரல் என்றுதான் என் நாள் போகும். பிரசவம் பார்ப்பதில்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்பு, காப்பிப் பழம் பறிக்கிற டிசம்பரில் ஒரு ராத்திரி, எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஜீப், வழியிலேயே தலை தெரிந்துவிட்டது என்று என் வாசலில் வந்து நின்றது. "டாக்டரம்மா, இதுக்கு மேல தாங்காதுங்க" என்றார் கூட வந்த பாட்டி. உள்ளே கூட்டி வந்து படுக்க வைத்த ஐந்தாவது நிமிஷம் குழந்தை பிறந்தது. அழவில்லை. கையும் காலும் தொளதொளவென்று கிடந்தன.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். துடைத்தேன், சளி உறிஞ்சினேன், கையால் அழுத்திக் காற்று செலுத்தும் ஆம்பு பேக்கை எடுத்து மாஸ்க்கை வைத்து அழுத்தினேன். நெஞ்சு ஏறவே இல்லை. கன்னத்தோரம் புஸ்ஸென்று காற்று போனது. இன்னும் பலமாக அழுத்தினேன், இன்னும் அதிகமாகக் காற்று வெளியே போனது. நல்ல வேளையாக 108 வண்டி சில நிமிஷத்தில் வந்துவிட்டது. அதில் வந்த தம்பி, "மேடம், தலை ரொம்ப நிமிர்ந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே, கழுத்துக்கு அடியில் நான் வைத்திருந்த தடித்த துண்டை உருவினார். தாடையைத் தூக்கி மாஸ்க்கை வைத்தார். இரண்டே அழுத்தில் நெஞ்சு ஏறியது. கொஞ்ச நேரத்தில் பூனைக்குட்டி மாதிரி ஒரு அழுகை. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பெண் குழந்தை இப்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தடுப்பூசிக்கு வருகிறாள்.

மருத்துவர்களுக்கான அவசரச் சிகிச்சைச் செய்முறைப் பயிற்சிக்கு நான் பெயர் கொடுத்தது அவளால்தான். சேலத்தில் ஆறு ஞாயிற்றுக்கிழமை. பதிவுச் சான்றிதழ் நகல், ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்ட விவரம், கட்டணம், அவ்வளவுதான் கேட்டார்கள். விடிவதற்குள் மலை இறங்கிவிடுவேன். ஆத்தூர், ஓமலூர், மேச்சேரி, வாழப்பாடி என்று பதினாறு மருத்துவர்கள் வந்திருந்தோம், கொல்லிமலையிலிருந்தும் ஒருவர். ஒரு மேசைக்கு நான்கு பேர். இந்த நான்கு என்ற கணக்குதான் முக்கியம். இதற்கு முன் ஒரு இடத்தில் இதே மாதிரிப் பயிற்சி என்று போய், நாற்பது பேர் ஒரே பொம்மையைச் சுற்றி நின்று, கடைசி வரை பொம்மையைத் தொடாமலே சான்றிதழ் வாங்கி வந்திருக்கிறேன்.

சொல்லிக்கொடுத்த முறை எனக்குப் புதிது. ரோட்னி பேட்டன் என்ற அறுவை மருத்துவர் வகுத்த நான்கு படிகள். முதலில் ஆசிரியர் ஒரு வார்த்தை பேசாமல் நிஜ வேகத்தில் செய்து காட்டுவார். அடுத்து விளக்கிக்கொண்டே செய்வார். மூன்றாவதாக, நாம் சொல்லச் சொல்ல அவர் செய்வார். நான்காவதுதான் நம் கை. நான் மாட்டிக்கொண்டது மூன்றாவதில். பச்சிளம் குழந்தைப் பொம்மையை வைத்துக்கொண்டு நான் கடகடவென்று ஒப்பித்தேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் எதிரே நின்று நான் சொன்னதை மட்டும் செய்தார், சொல்லாமல் விட்டதையெல்லாம் விட்டார். ஈரத்துணியை மாற்றச் சொல்லவில்லை, பொம்மை ஈரத்துணியிலேயே கிடந்தது. ஏற்காட்டு டிசம்பர் குளிரில் அது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

அந்தப் பொம்மைக்குள் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். தூக்கினால் பிறந்த குழந்தையின் கனமும், தலை பின்னால் சாய்கிற அந்தத் தளர்ச்சியும் அப்படியே இருக்கும். தொப்புள்கொடியிலிருந்து ஒரு குழாய் போய், நுனியில் ரப்பர் குமிழ். சிஸ்டர் அதை மெல்ல அமுக்கினால் கொடியில் துடிப்பு தெரியும். நம் மாஸ்க் சரியாக உட்காராவிட்டால் துடிப்பைக் குறைத்துக்கொண்டே வருவார், ஒன்றும் சொல்ல மாட்டார். கொடியைப் பிடித்திருக்கும் விரலில் அது அடங்கிப்போவது தெரியும்போது, பொம்மை என்று தெரிந்தும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

"டாக்டர், சுண்டு விரல் எங்க இருக்குன்னு பாருங்க" என்றார். பார்த்தேன். என் சுண்டு விரல் தாடைக்கு அடியில் இருக்கும் மெத்தென்ற சதையை அமுக்கிக்கொண்டிருந்தது. அங்கே அமுக்கினால் நாக்கு மேலே தள்ளி மூச்சுப் பாதையை அடைக்கும். விரல் எலும்பின் மேல்தான் நிற்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கைச் சுற்றிப் பிடிக்க, மற்ற மூன்றும் தாடை எலும்பைத் தூக்க வேண்டும். அதாவது மாஸ்க்கை முகத்தில் அழுத்தக் கூடாது, முகத்தை மாஸ்க்குக்குத் தூக்கித் தர வேண்டும். பதினோரு வருஷம் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை, யாரும் என் கையைப் பார்த்ததும் இல்லை. தோளுக்கு அடியில் ஒரு மெல்லிய சுருள் துணி போதும் என்பதையும், மூச்சுப் பாதை அடைத்திருந்தால் ஒழிய எல்லாக் குழந்தைக்கும் சளி உறிஞ்ச வேண்டியதில்லை என்பதையும் அங்கேதான் திருத்திக்கொண்டேன். பிறந்த முதல் ஒரு நிமிஷத்துக்குள் காற்று உள்ளே போயாக வேண்டும், நான் அந்த நிமிஷத்தைச் சளி உறிஞ்சியே கரைத்திருக்கிறேன்.

பெரியவர்களுக்கு நெஞ்சு அழுத்தும் பயிற்சியில் ஒரு சின்ன விஷயம். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், முப்பது அழுத்துக்கு இரண்டு மூச்சு. எங்கள் மேசையில் எல்லோருக்கும் இருபதைத் தாண்டியதும் வேகம் குறைந்தது. களைப்பு என்று நினைத்தோம். இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு என்று எண்ணும்போது வார்த்தை நீளமாகி, கை வார்த்தைக்காகக் காத்திருக்கிறது! ஒன்று முதல் பத்து வரை மூன்று தடவை எண்ணுங்கள் என்றார்கள். எண்ணினோம், சரியாகிவிட்டது.

பாம்புக்கடி மேசையில் நான் மலைக்காரி என்பதால் நிறையக் கேட்டேன். 2 மில்லி ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிஷம் ஆட்டாமல் வைத்து, ஒருமுறை சாய்த்துப் பார்க்கும் சோதனை எல்லோருக்கும் தெரியும். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் குழாய் கண்ணாடியாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் உறைதலைத் தூண்டுவதே கண்ணாடியின் பரப்புதான். பிளாஸ்டிக் குழாயிலும், சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியிலும் நல்ல ரத்தமே உறையாமல் நின்று நம்மை ஏமாற்றிவிடும். என் கிளினிக்கில் என்ன குழாய் என்று போன் போட்டுக் கேட்டேன். எல்லாம் பிளாஸ்டிக், கண்ணாடி என்று இருந்த இரண்டும் சோப்புத்தூளில் கழுவியவை. இன்னொன்று, நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு எதிராகத் தயாரிப்பது. காப்பிச் செடியில் பச்சையாகச் சுருண்டு கிடக்கும் குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. எங்கள் மலையில் இதை ஒவ்வொரு மருத்துவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

தையல் பழக ஆட்டுக்கால், எலும்புக்குள் ஊசி போட்டுப் பழகக் கோழிக்கால், பிரசவ ரத்தப்போக்கை நிறுத்த ஆணுறையை ரப்பர் குழாயில் கட்டி உப்புநீர் நிரப்புவது என்று மற்ற வாரங்கள் ஓடின.

கடைசி ஞாயிறு ஆஸ்கி. 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் கொண்டுவந்த தேர்வு முறை இது, மணி அடிக்க அடிக்க மேசை மாறிக்கொண்டே போக வேண்டும். பத்து மேசையில் ஒன்பதில் தேறினேன். தவறியது பச்சிளம் குழந்தை மேசையில். மாஸ்க் நன்றாக உட்கார்ந்தது, ஆனால் பதற்றத்தில் பேக்கை நிமிஷத்துக்கு எண்பது தடவை அழுத்தியிருக்கிறேன். நாற்பதிலிருந்து அறுபதுக்குள் இருக்க வேண்டும். அழுதுவிட்டேன். இரண்டு வாரம், சமையலறையில் தலையணையை வைத்துக்கொண்டு "அழுத்து, விடு, விடு" என்று சொல்லிச் சொல்லிப் பழகி, திரும்பப் போய்த் தேறினேன்.

எனக்கு ஒரு குறை உண்டு. பயிற்சிக்கு மருத்துவர்களை மட்டும்தான் எடுத்தார்கள். ராத்திரி என்னோடு நிற்கப்போவது என் சிஸ்டர்தான். பேக் எந்த டிராயரில் இருக்கிறது, எந்த மாஸ்க்கை எடுத்துத் தர வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் நான் மட்டும் பழகி என்ன செய்ய? சேருகிற எண்ணம் இருப்பவர்கள், நர்ஸையும் கூட்டி வரலாமா என்று முதலில் கேளுங்கள். அப்புறம் ஒரு பொம்மைக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள்.

நானும் மலையில் இருக்கும் இன்னும் இரண்டு மருத்துவர்களும் காசு போட்டு ஒரு குழந்தைப் பொம்மை வாங்கியிருக்கிறோம். மாதம் ஒரு கிளினிக்கில் இருக்கும். புதன்கிழமை மத்தியானம் ஓ.பி. முடிந்ததும் அரை மணி நேரம், நான், இரண்டு சிஸ்டர், மருந்து கொடுக்கிற பையன். போன புதன் குமிழ் சிஸ்டர் கையில் இருந்தது. துடிப்பு அடங்கிக்கொண்டே வந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். "மேடம், சுண்டு விரல்" என்றார்.