இரண்டு நிமிடத்தில் அம்மாவை ரயிலேற்றிய கதை

விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை வழியாகத் தஞ்சாவூர் போகும் தடத்தில், எக்ஸ்பிரஸ் வண்டிகள் இரண்டே நிமிடம் நிற்கும் சின்ன ஊர் எங்களுடையது. முழங்கால் வலியுள்ள அம்மாவை அங்கிருந்து சென்னைக்கு அழைத்துவர வேண்டும். ஸ்லீப்பரில் கீழ்ப்படுக்கை உறுதியானதும் பாதி வேலை முடிந்ததென்று நினைத்துவிட்டேன்.

எஸ்-4 நிற்கும் என்று சொன்ன இடத்தில்தான் நின்றோம். வண்டி வந்து நின்றபோது எதிரே இருந்தது ஏ.சி. பெட்டி. அன்று பெட்டிகள் தலைகீழ் வரிசையில் வந்திருந்தன. எங்கள் பெட்டி எட்டுப் பெட்டி தள்ளி. ஒரு பெட்டி ஏறத்தாழ 24 மீட்டர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நடைமேடை முழுவதும் இரண்டு திசையிலும் ஓட்டம். மூட்டையோடு மூட்டை முட்டிக்கொண்டது. இனி ஆகாதென்று கண்ணில் பட்ட வாசலிலேயே அம்மாவை ஏற்றப் போனால், அங்கே இறங்குபவர்கள் பலாப்பழத்தோடு நிற்கிறார்கள். எங்கள் ஊர் நடைமேடை தாழ்வானது. செங்குத்தான படியில் அம்மா ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்து, அடுத்த காலைத் தூக்கமுடியாமல் தொங்கிய அந்தச் சில நொடிகள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. கார்டு பார்த்துவிட்டார், பச்சை விளக்கைக் காட்டவில்லை. வண்டி கிளம்ப ஐந்து நிமிடம் ஆயிற்று. அதன்பிறகு உள்ளேயே நடந்து எஸ்-4 போய்ச் சேர்ந்தோம்.

மூன்று நிமிடம்தானே என்று தோன்றும். ஆனால் இது ஒற்றைப் பாதை, இரு திசை வண்டிகளுக்கும் ஒரே தண்டவாளம்; ஸ்டேஷனில்தான் ஒன்றுக்கொன்று வழிவிட முடியும். அடுத்த ஸ்டேஷனில் கிராசிங்குக்காக எதிர்வண்டி ஏற்கெனவே காத்துக்கிடந்தது. எங்கள் தாமதம் அவர்கள் தலையிலும் விழுந்தது. நாங்களோ எழும்பூருக்குச் சரியான நேரத்தில் போய் இறங்கினோம். கடைசிப் பகுதியில் கால அட்டவணையிலேயே கொஞ்சம் உபரி நேரம் வைத்திருப்பார்கள்.

சென்னை மின்சார ரயிலில் கூட்டம் இதைவிடப் பல மடங்கு. அரை நிமிடத்தில் ஏறி இறங்கிவிடுகிறார்கள். அங்கே வாசல் அகலம், படியேறும் வேலை இல்லை, எந்தப் பெட்டி என்ற தேடலும் இல்லை. நம் எக்ஸ்பிரஸ் வண்டியில் நேரத்தைத் தின்பது கூட்டமல்ல, தேடல்தான் என்பது என் கட்சி.

நான்கு மாதம் கழித்து மறுபடியும் அதே பயணம். இந்தமுறை தேநீர்க் கடைக்காரரிடம் கேட்டேன். “நேற்று எஸ்-4 இந்த வேப்பமரத்துக்கு நேராக நின்றது, இன்றைக்கு எப்படியோ” என்றார். அந்த ‘எப்படியோ’வுக்காக நடைமேடையின் நடுவில் அம்மாவை உட்காரவைத்தேன், எந்தப் பக்கம் வந்தாலும் பாதித் தூரம்தான். மூட்டைகளை இரண்டாகக் குறைத்தோம். சித்தி மகன் முதலில் ஏறி மேலிருந்து கைகொடுக்க வேண்டும், நான் கீழே நின்று தாங்க வேண்டும், இறங்குபவர்கள் முடிக்கும்வரை யாரும் படியில் கால்வைக்கக் கூடாது என்று ஒத்திகையே பார்த்தோம்.

வண்டி வந்தது. எஸ்-4 மரத்துக்கு நேராகவே நின்றது. ஒரு நிமிடத்துக்குள் அம்மா தன் இருக்கையில்.

வண்டி மட்டும் நகரவில்லை. எதிர்வண்டி எங்கோ தாமதமாம். சிக்னல் விழ இருபது நிமிடம் ஆகுமென்றார்கள். அம்மா ஜன்னல் வழியே தேநீர்க் கடையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

“இதற்காகவா என்னை அந்த விரட்டு விரட்டினாய்? போய் ஒரு டீ வாங்கி வா.”