எல்டன் ரிங்: முதலில் ஆயுதம், அப்புறம் கிளாஸ்

எல்டன் ரிங் என்ற வீடியோ கேம் 2022 பிப்ரவரியில் வந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இன்றும் முதலில் கேட்பது "எந்த கிளாஸ் எடுக்கலாம்?" என்றுதான். கிளாஸ் என்பது தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கும் பாத்திர வகை. திரையில் பத்து உருவங்கள் நிற்கின்றன. பெயரையும் உடையையும் பார்த்து முடிவு செய்துவிட்டு, ஐம்பது மணி நேரம் கழித்து வருத்தப்படுகிறவர்கள் நிறைய. அந்த வருத்தம் தேவையே இல்லை. ஒரு தாளும் பேனாவும் எடுத்தால் பத்து நிமிடத்தில் சரியான விடை வந்துவிடும்.

டயாப்லோ மாதிரியான விளையாட்டுகளில் கிளாஸ் என்றால் அதற்கென்று தனித் திறமைகள் உண்டு, ஒன்றின் திறமை இன்னொன்றுக்குக் கிடைக்காது. எல்டன் ரிங்கில் அப்படி எந்தப் பூட்டும் இல்லை. மந்திரக்காரரான அஸ்ட்ராலஜர் பெரிய வாளைத் தூக்கலாம், கோடரியோடு வரும் ஹீரோ மந்திரம் போடலாம். கிளாஸ் உங்களுக்குத் தருவது இரண்டே விஷயம்: தொடக்கத்தில் கையிலும் உடம்பிலும் இருக்கும் பொருட்கள், எட்டு ஸ்டாட்களின் ஆரம்ப எண்கள். பொருட்களைச் சில மணி நேரத்தில் மாற்றிவிடுவீர்கள். எண்கள் கடைசி வரை கூடவே வரும். அந்த எட்டு ஸ்டாட்கள்: விகர் (உயிர்), மைண்ட் (மந்திரப் புள்ளி), எண்டூரன்ஸ் (தாக்குப்பிடிப்பும் சுமைத் திறனும்), ஸ்ட்ரெங்த் (வலிமை), டெக்ஸ்டெரிட்டி, சுருக்கமாக டெக்ஸ் (லாவகம்), இன்டெலிஜென்ஸ் (அறிவு), ஃபெய்த் (பக்தி), ஆர்க்கேன் (ரத்தக் கசிவு போன்றவற்றைக் கூட்டுவது).

ஆரம்ப லெவல் கிளாஸுக்கு கிளாஸ் வேறுபடும். ரெட்ச் 1, பாண்டிட் 5, அஸ்ட்ராலஜர் 6, ஹீரோவும் ப்ராஃபெட்டும் 7, வாரியர் 8, வேகபாண்ட், சாமுராய், பிரிசனர் மூன்றும் 9, கன்ஃபெஸர் 10. லெவல் 10-இல் தொடங்கினால் லாபம் என்று நினைத்து கன்ஃபெஸரை எடுப்பவர்கள் உண்டு. அதில் லாபம் எதுவும் இல்லை. எந்த கிளாஸை எடுத்தாலும் எட்டு ஸ்டாட்களைக் கூட்டி 79-ஐக் கழித்தால் அதன் லெவல்தான் வரும். ரெட்ச்சுக்கு எட்டும் பத்து பத்து, கூட்டினால் 80, லெவல் 1. வேகபாண்டுக்குக் கூட்டுத்தொகை 88, லெவல் 9. ஒரு லெவலுக்கு ஒரு புள்ளி, எல்லோருக்கும் ஒரே கணக்கு. ஆகவே எந்த கிளாஸும் இன்னொன்றைவிட வலிமையானது இல்லை. புள்ளிகள் எங்கே போடப்பட்டிருக்கின்றன என்பதில்தான் வித்தியாசம்.

நீங்கள் கடைசி வரை தொடவே போகாத ஸ்டாட்டில் கிடக்கும் புள்ளிகள் வீண். அவற்றைத் திரும்ப எடுக்கவும் முடியாது. ராயா லுகாரியா அகாடமியில் ரெனாலா என்ற பாஸை வென்றபின், லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றைக் கொடுத்து ஸ்டாட்களை மாற்றி அமைக்கலாம் என்பது பலருக்கும் தெரியும். அப்போதும் எந்த ஸ்டாட்டையும் உங்கள் கிளாஸின் ஆரம்ப எண்ணுக்குக் கீழே இறக்க முடியாது. ஃபெய்த் 16-இல் தொடங்கிய ப்ராஃபெட், முழுக்க மந்திரக்காரராக மாறினாலும் அந்த 16-ஐச் சுமந்துகொண்டே இருக்க வேண்டும். முகத்தையும் முடியையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கிளாஸை மாற்ற வழியில்லை.

அதனால் முதலில் கடைசியில் ஏந்தப்போகும் ஆயுதத்தைத் தீர்மானியுங்கள். அது கேட்கும் ஸ்டாட்களை எழுதுங்கள். விகர், மைண்ட், எண்டூரன்ஸ் எவ்வளவு வேண்டும் என்று சேருங்கள். பிறகு ஒவ்வொரு கிளாஸையும் பக்கத்தில் வைத்து, உங்கள் இலக்கு, கிளாஸின் ஆரம்ப எண் இரண்டில் பெரியதை எடுங்கள். எட்டையும் கூட்டி 79-ஐக் கழியுங்கள். குறைந்த லெவல் எதற்கு வருகிறதோ அதுவே உங்கள் கிளாஸ்.

மூன்வெய்ல் என்ற கட்டானா வாளை வைத்துச் செய்து பார்க்கலாம். கேலிட் பகுதியின் கேல் டனலில் இருக்கும் மாக்மா விர்ம் என்ற எதிரியைக் கொன்றால் கிடைப்பது. அது கேட்பது ஸ்ட்ரெங்த் 12, டெக்ஸ்டெரிட்டி 18, இன்டெலிஜென்ஸ் 23. இலக்கு இப்படி இருக்கட்டும்: விகர் 40, மைண்ட் 20, எண்டூரன்ஸ் 20, ஸ்ட்ரெங்த் 12, டெக்ஸ் 18, இன்டெலிஜென்ஸ் 60. இதுவரை 170. மீதி ஃபெய்த்தும் ஆர்க்கேனும், இரண்டும் நமக்கு வேண்டாதவை. பிரிசனருக்கு அவை 6, 9. மொத்தம் 185, லெவல் 106. அஸ்ட்ராலஜருக்கு 7, 9, லெவல் 107. சாமுராய்க்கு 8, 8, அதுவும் 107. சாமுராய் இன்டெலிஜென்ஸ் 9-இல் தொடங்குகிறார், 16-இல் தொடங்கும் அஸ்ட்ராலஜரோ இதே இடத்துக்கு வந்து நிற்கிறார். ஏறப்போகும் ஸ்டாட் எங்கே தொடங்கினால் என்ன, அது வீணாவதில்லை. ஹீரோவுக்கு ஸ்ட்ரெங்த் ஏற்கெனவே 16, ஆர்க்கேன் 11, ஃபெய்த் 8, ஆகவே 114. ப்ராஃபெட் 117 வரை போய்விடுகிறது.

பிரிசனருக்கும் ஹீரோவுக்கும் இடையே எட்டு லெவல். எதிரிகளைக் கொன்று சேர்க்கும் ரூன்தான் லெவல் ஏறச் செலவாகும் காசு. அந்த உயரத்தில் ஒரு லெவல் ஏற எழுபதாயிரம் ரூனிலிருந்து எண்பதாயிரம் ரூன் வரை ஆகும். 106-லிருந்து 114-க்கு ஏறுவதற்கு மட்டும் ஆறு லட்சம் ரூனுக்குக் கொஞ்சம் மேலே. தனியாகக் கதையை முடிக்கிறவருக்கு இது பெரிய விஷயமில்லை, கடைசிப் பகுதிகளில் ரூன் கொட்டும். பிறரோடு மோதும் ஆட்டத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் 125 அல்லது 150-இல் லெவலை நிறுத்திக்கொள்வார்கள். அங்கே எட்டுப் புள்ளி என்றால் விகரில் எட்டு. விகர் 40-இல் உயிர் 1450, 60-இல் 1900. இடையில் சராசரியாக ஒரு புள்ளிக்கு இருபத்திரண்டு. எட்டுப் புள்ளியை இழந்தவர் 180 உயிர் குறைவாக நிற்கிறார். சில சண்டைகளில் அதுதான் ஒரு அடி தாங்குவதற்கும் தாங்காததற்கும் உள்ள இடைவெளி.

கணக்கில் ஒரு கண்ணி உண்டு. கேலிட்டில் ஃபோர்ட் ஃபாரோத்தில் கிடைக்கும் ராடகன்ஸ் சோர்சீல் என்ற டாலிஸ்மனை (அணிந்தால் பலன் தரும் தாயத்து) கடைசி வரை போட்டிருப்பேன் என்றால் எண்களெல்லாம் மாறும். அது விகர், எண்டூரன்ஸ், ஸ்ட்ரெங்த், டெக்ஸ் நான்கிலும் 5 கூட்டும், பதிலுக்கு வாங்கும் அடி 15 சதவீதம் கூடும். மேலே சொன்ன மூன்வெய்ல் கணக்கில் அதைச் சேர்த்தால் விகருக்கு 35, எண்டூரன்ஸுக்கு 15, ஸ்ட்ரெங்த்துக்கு 7, டெக்ஸுக்கு 13 போதும். இப்போது ஸ்ட்ரெங்த் 8-இல் தொடங்கும் அஸ்ட்ராலஜர் லெவல் 88-இலேயே முடித்துவிடுகிறார். பிரிசனரின் ஸ்ட்ரெங்த் 11, டெக்ஸ் 14. இரண்டும் தேவைக்கு மேல், லெவல் 91. முதலில் இருந்தவர் பின்னுக்குப் போய்விட்டார். எந்த டாலிஸ்மனை நிரந்தரமாகப் போடுவீர்கள் என்பதையும் தாளில் எழுதிக்கொண்டே கூட்டுங்கள்.

முழுக்க ஸ்ட்ரெங்த் என்றால் போட்டி ஹீரோவுக்கும் வேகபாண்டுக்கும்தான். கிரேட்ஸ்வோர்டை எடுத்துக்கொள்வோம். கேலிட்டில் ஒரு வண்டியின் பின்னால் உள்ள பெட்டியில் இருக்கிறது, ஸ்ட்ரெங்த் 31, டெக்ஸ் 12 கேட்கிறது. விகர் 50, மைண்ட் 15, எண்டூரன்ஸ் 30, ஸ்ட்ரெங்த் 60, டெக்ஸ் 12 என்று இலக்கு வைத்தால் இருவரும் சரியாக லெவல் 114-இல் முடிக்கிறார்கள். வேறுபாடு தொடக்கத்தில். ஆயுதத்தை இரண்டு கையாலும் பிடித்தால் ஸ்ட்ரெங்த் ஒன்றரை மடங்காகக் கணக்கில் வரும். அதனால் 31-க்கு 21 போதும். ஹீரோவுக்கு ஸ்ட்ரெங்த்தில் ஐந்து, டெக்ஸில் மூன்று என எட்டு லெவல் ஆகும், டெக்ஸ் 13-இல் தொடங்கும் வேகபாண்டுக்கு ஏழு. அதோடு வேகபாண்ட் கையில் நேரடி அடியை முழுதாகத் தடுக்கும் கேடயம், கனமான கவசம், லாங்ஸ்வோர்ட், ஹால்பெர்ட் எல்லாம் இருக்கின்றன. முதன்முறை ஆடுகிறவருக்கு அந்த ஒரு லெவலைவிட இந்தக் கேடயம் பெரிது.

ஃபெய்த் பக்கம் வந்தால் கணக்கு இன்னும் வியப்பானது. ரைகார்ட் என்ற பாஸை வென்று அவருடைய நினைவிலிருந்து பெறும் பிளாஸ்ஃபெமஸ் பிளேடு வாளுக்கு ஸ்ட்ரெங்த் 22, டெக்ஸ் 15, ஃபெய்த் 21 வேண்டும். ஃபெய்த்தை 50 வரை ஏற்றி, விகர் 50, மைண்ட் 20, எண்டூரன்ஸ் 25 வைத்தால் ப்ராஃபெட் 120, கன்ஃபெஸர் 121. பக்திக்குச் சம்பந்தமே இல்லாத வேகபாண்ட் 119! காரணம் அவருடைய ஆர்க்கேன் 7. பத்து கிளாஸிலும் இதைவிடக் குறைந்த ஆர்க்கேன் யாருக்கும் இல்லை. கன்ஃபெஸரின் மந்திரங்கள் தொடக்கத்திலேயே வேண்டும் என்றால் தவிர, வாளோடு ஃபெய்த் கலக்க நினைப்பவர் வேகபாண்டிலேயே தொடங்கலாம். மந்திரம் போடத் தேவையான ஃபிங்கர் சீல் என்ற கருவியை ரவுண்ட்டேபிள் ஹோல்டில் பொருள் விற்கும் இரட்டைக் கன்னியரிடம் வாங்கிக்கொள்ளலாம்.

எதிரிக்கு ரத்தம் கசிய வைக்கும் பில்டுக்கு (ஆயுதமும் ஸ்டாட்களும் சேர்ந்த அமைப்பு) பாண்டிட்தான் என்று பரவலாகச் சொல்வார்கள், ஆர்க்கேன் 14-இல் தொடங்குவதால். ரிவர்ஸ் ஆஃப் பிளட் மாதிரி ஒரு வாளுக்காக டெக்ஸ் 40, ஆர்க்கேன் 60 என்று போனால் பாண்டிட்டும் சாமுராயும் ஒரே லெவல்தான், ஏனென்றால் இருவருக்கும் இன்டெலிஜென்ஸ் 9, ஃபெய்த் 8. அப்படியிருக்க, சாமுராயின் உச்சிகட்டானா முதல் நிமிடத்திலிருந்தே ரத்தம் கசிய வைக்கும், முதுகில் நீள்வில்லும் இருக்கும். அதே வாளில் இன்னொன்று லிம்கிரேவின் டெத்டச்ட் கேடகோம்ப்ஸில் கிடக்கிறது, எடுத்து இடது கையிலும் பிடித்தால் இரட்டை வாள். என் பார்வையில் பாண்டிட்டை எடுக்க நல்ல காரணம் பாரி (எதிரியின் அடியைக் கேடயத்தால் தட்டிவிடுவது) பழக விரும்புவது ஒன்றே. அவருடைய பக்லர் என்ற சிறு கேடயம் அதற்கென்றே செய்தது.

இதுவரை சொன்னது கடைசி லெவலை வைத்து. முதல் ஐந்து மணி நேரமும் முக்கியம், அங்கேதான் பலர் விளையாட்டையே மூடிவைக்கிறார்கள். மந்திரக்காரர் பக்கம் பிரிசனர் ஒரு லெவல் மிச்சம் பிடித்தாலும் புதியவருக்கு நான் அஸ்ட்ராலஜரையே சொல்வேன். மைண்ட் 15 என்பதால் 7 மந்திரப் புள்ளி செலவாகும் கிளின்ட்ஸ்டோன் பெபிளைப் பதின்மூன்று முறை தொடர்ந்து வீசலாம், அதுவும் தூரத்திலிருந்து. பிரிசனரின் மேஜிக் கிளின்ட்பிளேடு சற்றுத் தாமதித்துப் பாயும், ஆட்டம் பழகாத கைக்கு அந்தத் தாமதம் ஒத்துவராது. மேலும் கேலிட்டின் ஸ்ட்ரீட் ஆஃப் சேஜஸ் ரூயின்ஸில் கிடக்கும் மீட்டியரைட் ஸ்டாஃப் என்ற மந்திரக்கோல், அங்கேயே கிடைக்கும் ராக் ஸ்லிங் மந்திரம் இரண்டுக்கும் இன்டெலிஜென்ஸ் 18 வேண்டும். அஸ்ட்ராலஜருக்கு இரண்டே லெவல். குறை, விகர் 9. உயிர் 396தான், வேகபாண்டுக்கு 522. முதல் ரூன்களையெல்லாம் இன்டெலிஜென்ஸில் கொட்டாமல் விகரை முதலில் 15-க்குக் கொண்டு வாருங்கள்.

வேகபாண்ட் எடுத்தவர்கள் முதல் வேலையாக உபகரணத் திரையில் எடையைப் பாருங்கள். சுமை 70 சதவீதத்தைத் தாண்டினால் உருளும்போது தொப்பென்று விழுவார், அடியிலிருந்து தப்புவது கடினம். ஹால்பெர்டைக் கழற்றினால் 6 குறையும். அதுவும் போதாவிட்டால் தலைக்கவசத்தைக் கழற்றுங்கள். பாதுகாப்பு கொஞ்சம் குறைந்தாலும் உருளல் கிடைத்துவிடும்.

ரெட்ச்சை, லெவல் 1-லேயே முழு ஆட்டத்தையும் முடிக்க நினைப்பவர் மட்டும் எடுக்கட்டும். எல்லாம் பத்து என்பது நெகிழ்வாகத் தெரியும், உண்மையில் இன்டெலிஜென்ஸ், ஃபெய்த், ஆர்க்கேன் மூன்றில் எப்படியும் ஒன்றிரண்டு வீண். அதோடு வெளிநிலத்தில் மூன்று கிரேஸை (ஓய்வெடுக்கும் இடம்) தொட்டு, லெவல் ஏற உதவும் மெலினா வரும்வரை யாரும் லெவல் ஏற முடியாது. அதுவரை ஒரு தடியும் வெறும் உடம்பும்தான் துணை.

கிளாஸோடு ஒரு கீப்சேக்கையும் (தொடக்கத்தில் கூடவே கிடைக்கும் பொருள்) தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். முதன்முறை என்றால் கோல்டன் சீட் எடுங்கள், ஃபிளாஸ்க்கில் ஒரு மடக்கு கூடும். ஸ்டோன்ஸ்வோர்ட் கீ இரண்டையும் எடுத்தால் தொடக்க இடத்திலேயே உள்ள ஃபிரிஞ்ச்ஃபோக் ஹீரோஸ் கிரேவைத் திறக்கலாம், உள்ளே எர்ட்ட்ரீஸ் ஃபேவர் டாலிஸ்மன் இருக்கிறது. ஆனால் அங்கே நச்சுக் குளமும், மோதினால் ஒரே அடியில் ஆளைச் சாய்க்கும் தேரும் காத்திருக்கின்றன, லெவல் 9-இல் போகிற இடமில்லை. ஏற்கெனவே ஒருமுறை முடித்தவர்களுக்கு அது நல்ல தேர்வு.