மூன்று மணி வெந்நீர்

ஜூன் மாதம், விடியற்காலை ஐந்தரை. ஜோகன்னஸ்பர்க் வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்து தலையைக் கொடுத்தேன். நான் போட்ட சத்தத்தில் மனைவி எழுந்து ஓடி வந்தாள். வெளியே புல்லெல்லாம் உறைபனி. தென்காசியில் சாரல் தொடங்கியிருக்கும்.

இந்த வீட்டைப் பிடித்ததே கூரையில் சூரிய கீசர் இருக்கிறது என்றுதான். வீட்டுக்கார ஆண்ட்டி, இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் லெனேசியாவில் இருக்கிறார். பாட்டனுக்குப் பாட்டன் மெட்ராஸில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவராம். தமிழ் ‘வணக்கம்’ தாண்டி நகராது. தண்ணீர் சுடவில்லை என்றதும் ஆங்கிலத்தில் சட்ட வகுப்பே எடுத்துவிட்டார். 2011-இல் கட்டட விதிகளில் எக்ஸ்.ஏ. என்றொரு பகுதி சேர்ந்தது. அதன்பின் கட்டும் வீட்டில், வருடத்துக்கு வேண்டிய வெந்நீரில் பாதியாவது மின்சாரக் காயில் (கரண்டில் சூடாகும் கம்பிச்சுருள்) இல்லாமல் சூடாக வேண்டும். சூரிய கீசரோ, காற்றிலிருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குத் தரும் ஹீட் பம்ப்போ, அது உங்கள் பாடு. பெரும்பாலும் நிலக்கரியை எரித்தே கரண்ட் எடுக்கும் நாடு. முறை வைத்து மின்வெட்டு போட்ட காலத்தையும் பார்த்தது. விதி நியாயம்தான்.

“அப்போ மீதிப் பாதிக்கு?” என்றேன். காயில் இருக்கிறதாம், அவர்தான் அணைத்து வைத்திருக்கிறார். கரண்ட் பில் வாடகையில் சேர்த்தி. சரி, புரிந்தது.

வீட்டைச் சூடாக்க ஒன்றும் கிடையாது. உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வெளியே வெயிலில் கழற்ற வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். குளியல்தான் கஷ்டம். இங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போவதால் தகடும் வடக்கு பார்த்துத்தான் இருக்கிறது. மூன்று மணிக்குத் தண்ணீர் கொதிக்கிறது. சாயங்காலம் மனைவியும் பையனும் இந்த ஊர்க்காரர்கள் மாதிரி ஆனந்தமாகக் குளித்துத் தொட்டியைக் காலி செய்கிறார்கள். குளிக்காமல் அடுப்படிப் பக்கம் வராதே என்று வளர்ந்தவனுக்கு விடிகாலையில் மிச்சம் பச்சைத் தண்ணீர்.

இப்போது பழகிவிட்டது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலையும் மூன்று மணிக்கு மாற்றிவிட்டேன். முதல் வாரம் சூப்பர் மார்க்கெட்டில் எள் எண்ணெய் என்று எழுதியிருந்ததை, வறுத்த எள்ளில் எடுத்தது என்று தெரியாமல் வாங்கித் தேய்த்து, இரண்டு நாள் ஃபிரைடு ரைஸ் மணத்தோடு அலுவலகம் போனேன். இப்போது ஃபோர்ட்ஸ்பர்க் கடையில் நல்லெண்ணெய். வாசற்படியில் வெயில் காய்ந்தபடி எண்ணெய் ஊற உட்கார்ந்தால், எங்கள் வீட்டுப் பின்கட்டுச் செம்பு பாய்லர் வந்துவிடும். நடுக்குழாயில் சிரட்டையைப் போட்டு அப்பா ஊத, புகை கண்ணைக் கரிக்கும். அந்தத் தண்ணீரில் ஒரு புகை வாசனை உண்டு. சூரியனுக்கு அது வரவில்லை.

போன சனிக்கிழமை அந்த நேரம் பார்த்து அம்மா வீடியோவில் வந்தாள். அங்கே ஆறரை மணி. பின்னால் சாமி படத்துக்கு விளக்கு எரிகிறது. என் தலையைப் பார்த்தாள்.

“விளக்கு வைக்கிற நேரத்துல எவனாவது எண்ணெய் தேய்ப்பானால?”