கையொப்பத்துக்குப் பக்கத்தில் தேய்ந்த இடம்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், தள்ளுபடிக் கூட்டத்துக்குப் பயந்து தி. நகர்ப் பக்கமே போகாமல் இருந்த நாள்களில், வீட்டுக்கு அருகிலுள்ள பழம்பொருள் கடை ஒன்றில் அந்தக் கண்ணாடிப் பூச்சாடியைப் பார்த்தேன். இருபத்தேழு சென்டிமீட்டர் உயரம். மங்கிய மஞ்சள் நிற உடலின்மேல் ஊதா நிறத்தில் ஒரு கொடியும் அதன் பூக்களும் புடைப்பாக நின்றன. அடிப்பக்கத்துக்கு நான்கு விரல் மேலே, பூக்களைப் போலவே புடைத்து, சாய்ந்த எழுத்தில் 'கல்லே' என்ற கையொப்பம் இருந்தது. "பிரெஞ்சு சாமான் சார், பாண்டிச்சேரியில ஒரு பெரிய வீட்டைக் காலி பண்ணினப்ப வந்தது" என்றார் கடைக்காரர். பதினெட்டாயிரம் கேட்டார்; பதினோராயிரத்துக்குக் கொடுத்தார். பாண்டிச்சேரி என்ற ஒரு சொல் என் பேரம் பேசும் திறமையில் பாதியைத் தின்றுவிட்டது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எமீல் கல்லே 1846இல் பிரான்சின் நான்சி நகரில் பிறந்து 1904இல் அங்கேயே மறைந்த கண்ணாடிக் கலைஞர். 1894இல் நான்சியில் சொந்தமாக உலை வைத்தார். அவர் பெயரைத் தாங்கிய பூச்சாடிகள் இன்று ஏலங்களில் பெரிய விலைக்குப் போகின்றன. அவர் இறந்தபின் சில ஆண்டுகள் கையொப்பத்தோடு ஒரு சிறு நட்சத்திரமும் பொறிக்கப்பட்டது என்று படித்ததும், நட்சத்திரம் இல்லாத என் பூச்சாடி 1904க்கு முற்பட்டது என்று அன்றிரவே முடிவு கட்டிவிட்டேன். அந்தச் சில ஆண்டுகளுக்குப் பிறகு நட்சத்திரம் கைவிடப்பட்டதும், ஆலை 1930களில் மூடப்படும்வரை அதே பெயரில் பொருள்கள் வெளிவந்ததும் அடுத்த நாள்தான் எனக்குத் தெரிந்தது. நட்சத்திரம் இருந்தால் அது ஒரு தகவல். இல்லாவிட்டால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

அதனால் பொருள் எப்படிச் செய்யப்பட்டது என்பதிலிருந்து தொடங்கினேன். இவ்வகைக் கண்ணாடியில் ஒரு நிறத்தின்மேல் இன்னொரு நிறத்தைச் சூட்டோடு போர்த்தி ஊதுவார்கள். ஆறியபின், பூவும் இலையும் நிற்க வேண்டிய இடங்களை அமிலம் அரிக்காத பூச்சால் மூடி, ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் அமிழ்த்துவார்கள். மூடாத இடத்தில் மேல் நிறம் கரைந்துபோக, அடி நிறம் வெளிப்படும். மதுரைச் சுங்குடியில் முடிச்சுப் போட்ட இடம் சாயத்துக்குத் தப்புவதைப் போல, பூச்சுக்கு அடியில் இருக்கும் பூ அமிலத்துக்குத் தப்பிவிடுகிறது. மலிவான போலிகளில் இந்த வேலை எதுவும் இருக்காது. ஒரே நிறக் கண்ணாடியின்மேல் வண்ணம் தீட்டியிருப்பார்கள். பஞ்சில் நகப்பூச்சு நீக்கியைத் தொட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்தேன். நிறம் வரவில்லை. டார்ச்சை உள்ளே இறக்கிப் பார்த்தபோது இரண்டு அடுக்குகளும் தனித்தனியாகத் தெரிந்தன, ஊதா இலைகளின் விளிம்பில் அமிலம் அரித்த படியும் தெரிந்தது. செய்முறை உண்மையானது. இந்த உண்மைதான் என்னை இரண்டு வாரம் தவறான வழியில் நடக்க வைத்தது.

ரிச்சி தெருவில் கள்ள நோட்டுப் பார்க்கும் புறஊதா டார்ச் ஒன்றை வாங்கிவந்து, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் பிடித்தேன். யுரேனியம் கலந்த கண்ணாடி அந்த ஒளியில் பளீரென்று பச்சையாக ஒளிரும். என்னுடையது ஒளிரவில்லை, மேசைமேல் இருந்த துணிதான் சோப்புத்தூளின் புண்ணியத்தில் நீலமாக ஒளிர்ந்தது. அந்தச் சோதனையால் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

அடிப்பாகம் அப்படி ஏமாற்றவில்லை. நூறு ஆண்டு மேசைகளிலும் அலமாரிகளிலும் நகர்ந்த கண்ணாடியின் அடியில், தரையைத் தொடும் விளிம்பில் மட்டும் மெல்லிய கீறல்கள் எல்லாத் திசைகளிலும், வெவ்வேறு ஆழத்தில் விழுந்திருக்க வேண்டும். அது எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்க, ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய் ஒன்றும் வாங்காமல் பழைய கண்ணாடிப் பொருள்களை மட்டும் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தேன். கோலி சோடா பாட்டில்கள், அரிக்கேன் விளக்குகளின் எண்ணெய்க் கிண்ணங்கள், பெட்டிக்கடையின் மிட்டாய் ஜாடி ஒன்று என்று பலவற்றைப் பார்த்ததில், அந்த மிட்டாய் ஜாடிதான் எனக்குப் பாடமானது. தினமும் நூறு முறை பலகைமேல் இழுத்து இழுத்து, அதன் அடி விளிம்பு முழுவதும் பனி படர்ந்ததுபோல் வெளுத்திருந்தது; உற்றுப் பார்த்தால் அந்த வெளுப்பு ஆயிரம் தனித்தனிக் கீறல்களாகப் பிரிந்தது. உட்குழிந்த நடுப்பகுதியோ புத்தம் புதிதாக இருந்தது. வீட்டுக்கு வந்து என் பூச்சாடியைத் திருப்பினேன். அதன் அடியில் கீறல்கள் ஏறத்தாழ ஒரே திசையில், ஒரே ஆழத்தில் ஓடின. தரையைத் தொடவே முடியாத உட்குழிவிலும் அதே கோடுகள் தொடர்ந்தன. யாரோ உப்புத்தாளை வைத்து நாலு இழு இழுத்திருக்கிறார்கள்.

பொருள் உண்மையானதாகவே இருந்து, யாரோ ஒரு வியாபாரி அதை இன்னும் பழையதாகக் காட்ட ஆசைப்பட்டிருக்கலாம் என்று அப்போதும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தைக் கலைத்தவர் எங்கள் அடுக்குமாடியின் தரைத்தளத்தில் குடியிருக்கும், ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர். பூச்சாடியைக் கையில் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றியவர், கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "பூ ஐரிஸ் மாதிரி இருக்கு சார். கொடைக்கானல்ல பார்த்திருப்பீங்க. ஆனா ஐரிஸ் இலை கத்தி மாதிரி நிமிர்ந்து நிக்கும். இங்க கொடியில, வெற்றிலை மாதிரி இலையோட பூத்திருக்கே, இது எந்த ஊர்ச் செடி?" என்றார்.

கல்லே தாவரவியலை முறையாகக் கற்றவர். லொரேன் வட்டாரத்து ஆர்க்கிட் வகைகளைப் பற்றி 1900இல் பாரிஸில் நடந்த தாவரவியல் மாநாட்டுக்குக் கட்டுரை எழுதியவர். அப்படிப்பட்டவர் நிறுவிய ஆலையில் ஐரிஸ் பூ வெற்றிலைக் கொடியில் பூத்திருக்குமா? லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகமும் தங்கள் சேகரிப்பின் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. அவற்றில் கல்லே பூச்சாடிகளை மூன்று இரவுகள் பெரிதாக்கிப் பார்த்தேன். அவற்றில் நல்ல வேலைப்பாடுள்ள பூச்சாடிகளில் ஒரே இதழுக்குள் நிறம் அடர்ந்து தொடங்கி, விளிம்பில் ஏறத்தாழ ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிந்திருந்தது. அமிலத்தில் ஒருமுறையோடு விடாமல், பூச்சை மாற்றி மாற்றிப் பலமுறை அமிழ்த்தினால்தான் அந்த ஏற்ற இறக்கம் வரும். என்னுடையதில் ஊதா எல்லா இடத்திலும் ஒரே தடிமன். ரப்பர் முத்திரை குத்தியதுபோலத் தட்டையாக இருந்தது. முதல் நாளே கண்ணில் பட்டிருக்க வேண்டிய வேறுபாடுதான். கையொப்பத்தைப் படித்த கண் அதன்பின் வேறெதையும் பார்க்க மறுத்துவிட்டது.

கடைசி ஆதாரம் என் மைத்துனரிடமிருந்து கிடைத்தது. வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருக்கும் அவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை தம் பத்து மடங்கு லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பால்கனி வெளிச்சத்தில் உட்கார்ந்தார். "அத்தான், முத்திரையைப் பார்க்காதீங்க, முத்திரைக்குப் பக்கத்துல பாருங்க. ஏதாவது அழிச்சிருந்தா அங்கதான் இருக்கும்" என்றார். கையொப்பத்தின் கடைசி எழுத்தைத் தாண்டி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓர் இடம் இருந்தது. சுற்றிலும் மஞ்சள் பரப்பு அமிலம் தந்த மென்மையான மங்கலோடு இருக்க, அந்த இடம் மட்டும் லேசாகப் பளபளத்தது. பூச்சாடியைச் சாய்த்து வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழவைத்தபோது, அங்கே ஒரு பள்ளம் இருப்பது தெரிந்தது. பள்ளத்தின் மேல் விளிம்பில் அரை மில்லிமீட்டர் நீளத்துக்கு ஓர் ஊதாக் கோடு தப்பியிருந்தது. 'டி' (T) என்ற ஆங்கில எழுத்தின் தலைக்கோடு.

அதற்குப் பிறகு தேடுவது எளிதாக இருந்தது. கல்லே பாணியில் இரண்டடுக்கு அமிலக் கண்ணாடியை இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து ருமேனியாவில் செய்து ஏற்றுமதி செய்கிறார்கள். கையொப்பத்துக்கு அருகிலேயே 'டிப்' (TIP) என்று மூன்று ஆங்கில எழுத்துகளையும் பொறிக்கிறார்கள். ருமேனிய மொழியில் அதற்கு 'வகை', 'மாதிரி' என்று பொருள். அதாவது 'கல்லே மாதிரி'. செய்தவர்கள் பொய் சொல்லவில்லை, இது நகல் என்று பொருளின் உடம்பிலேயே எழுதித்தான் அனுப்புகிறார்கள். இடையில் யாரோ ஒருவர் அந்த மூன்று எழுத்துகளையும் சாணை பிடித்து நீக்கி, அடியில் உப்புத்தாள் தேய்த்து, நகலைப் போலியாக்கிவிடுகிறார். அந்த ருமேனியக் கைவினைஞர்மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஐரிஸை வெற்றிலைக் கொடியில் பூக்க வைத்ததைத் தவிர, அவர் வேலை சுத்தமாகவே இருக்கிறது.

கடைக்காரரிடம் போய் லென்ஸையும் டார்ச்சையும் கையில் கொடுத்துக் காட்டினேன். சாணை பிடித்தது தாம் இல்லை என்றார். நம்பினேன், ஏனென்றால் தேய்ந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவே அவருக்குப் பத்து நிமிடம் ஆனது. பாண்டிச்சேரிப் பெரிய வீட்டைப் பற்றிக் கேட்டபோது, தமக்கு விற்றவர் அப்படிச் சொன்னதாகச் சொன்னார். பணத்தைத் திருப்பித் தர முடியாது, வேறு பொருளுக்கு ஐயாயிரம் கழித்துக்கொள்கிறேன் என்றார். வேண்டாம் என்று பூச்சாடியோடு திரும்பிவிட்டேன். கொடுத்திருந்தால் அடுத்த வாரமே அது மீண்டும் பிரெஞ்சுக்காரனாகி அந்த அலமாரியில் நின்றிருக்கும்.

இப்போது அது வரவேற்பறையில் இருக்கிறது. அதன் அடியில், உப்புத்தாள் கோடுகளை மறைக்காமல், உட்குழிவின் நடுவில் ஒரு சிறிய காகிதத்தை ஒட்டியிருக்கிறேன். 'ருமேனியா. கல்லே பாணி நகல். கையொப்பத்தின் வலப்பக்கம் டிப் என்ற எழுத்துகள் அழிக்கப்பட்டுள்ளன' என்று நீரில் கரையாத மையில் எழுதி, மேலே ஒளிபுகும் டேப்பும் ஒட்டிவிட்டேன்.