லே மான்ல 24 மணி நேரம் அப்படி என்னதான்டா பாப்பீங்க?

2025 ஜனவரில துபாய் 24 மணி நேர ரேஸ்ல அஜித் டீம் அவங்க கிளாஸ்ல மூணாவது வந்ததுலேர்ந்து நம்ம பசங்க வாட்ஸ்அப் குரூப்ல இந்தக் கேள்வி ஓயவே மாட்டேங்குது. கிளாஸ்னா என்ன, அப்ப மொத்தத்துல எத்தனாவது, முக்கியமா ஒரு நாள் பூரா அங்க உக்காந்து என்னடா பண்ணுவீங்க. துபாய்க்கு நான் போனதில்ல, பாரிஸ்ல இருக்கறதால நமக்கு வாய்ச்சது லே மான், பிரான்ஸ்ல நடக்கற 24 மணி நேர கார் ரேஸ், அதுக்குள்ள அதிக தூரம் ஓடின கார் ஜெயிக்கும். மோன்பர்னாஸ் ஸ்டேஷன்ல டிஜிவி (வேக ட்ரெயின்) ஏறினா ஒரு மணி நேரம், இறங்கி ட்ராம் புடிச்சா கடைசி ஸ்டாப் சர்க்யூட் பக்கத்துலயே. 2024 ரேஸ வெச்சே சொல்லிடறேன், ஏன்னா மழை, சேத்து, தூக்கம், டென்ஷன் எல்லாம் ஒரே டிக்கெட்ல கிடைச்ச வருஷம் அது.

மொதல்ல ஒண்ணு, அங்க போனா ரேஸ "பாக்க" முடியாது. ட்ராக் 13.626 கிலோமீட்டர், அதுல பாதிக்கு மேல மத்த நாள்ல லாரியும் காரும் போற சாதா ரோடு, நீங்க நிக்கற எடத்துல ஒரு கார் மூணு நாலு செகண்ட் தெரியும், அப்புறம் அதே கார் திரும்ப வர மூணரை நிமிஷம் ஆகும். ஆனா 62 கார் ஓடுதுல்ல, அதனால சும்மா இருக்கற நேரம்னு ஒண்ணு இருக்காது. ஹைப்பர்கார், எல்எம்பி2, எல்எம்ஜிடி3 (சுருக்கமா ஜிடி)ன்னு வேகத்து வரிசைல மூணு கிளாஸ், அதாவது கார் வகை, ஒரே ரோட்டுல மூணு ரேஸ். ஹைப்பர்கார் ஜிடி காரை விட ரவுண்டுக்கு அரை நிமிஷம் கிட்ட வேகம், அதனால எட்டு ரவுண்டுக்கு ஒரு தடவ அத தாண்டிட்டுப் போயிட்டே இருக்கும், ரெண்டாவது மணி நேரத்துக்குள்ளயே யாரு முன்னாடி யாரு பின்னாடின்னு கண்ணால கண்டுபுடிக்கவே முடியாது. நம்பர் போர்டு கலர வெச்சு கிளாஸ் தெரியும், சிவப்புன்னா ஹைப்பர்கார், நீலம் எல்எம்பி2, ஆரஞ்சு ஜிடி. கார் சைடுல குட்டி லைட்டு வேற இருக்கும், அந்த கிளாஸ்ல மொதலாவதுன்னா ஒண்ணு, ரெண்டாவதுன்னா ரெண்டு, மூணாவதுன்னா மூணு. மிச்சத்துக்கு காதுல ரேடியோ. ரேடியோ இல்லாம போறவன் வெறும் சத்தம் கேட்டுட்டு வருவான்.

ஸ்டார்ட் பத்தி எல்லாரும் ஓவரா பில்டப் குடுப்பாங்க. சனிக்கிழமை சாயங்காலம் 4 மணி, அந்த வருஷம் ஃபுட்பால் ஜிடான் வந்து கொடி ஆட்டினார், ஆனா மத்தியானத்துலேர்ந்து எடம் புடிச்சு நின்னாலும் உங்களுக்குத் தெரியறது முன்னாடி இருக்கறவன் தலையும் அவன் போனும் தான். அதுக்கு டன்லப் பாலம் தாண்டி இறங்கற புல்மேட்டுல போய் உக்காருங்க. வேலி ரொம்ப தள்ளி இருக்குன்னு சில பேரு புலம்புவாங்க, அவங்களுக்கு 1955 தெரியாது. லெவெக் ஓட்டின மெர்சிடிஸ் கூட்டத்துக்குள்ள பாஞ்சு எண்பதுக்கு மேல செத்தாங்க, பெரும்பாலும் நம்மள மாதிரி வேடிக்கை பாக்க வந்தவங்க, அப்பவும் ரேஸ நிறுத்தல. ஸ்விட்சர்லாந்துல அதுக்கப்புறம் சர்க்யூட் ரேஸையே தடை பண்ணிட்டாங்க. வேலி தள்ளியே இருக்கட்டும்.

எனக்குப் புடிச்ச எடம் ஆர்னாஜ். சர்க்யூட்லயே ரொம்ப மெதுவான கார்னர், ஷட்டில் பஸ் போகும். இருட்டினப்புறம் போகணும், ஜூன் மாசம்கறதால பத்து மணிக்கு மேல தான் ஒழுங்கா இருட்டும். மரத்துக்கு நடுவுலேர்ந்து ஹெட்லைட் வெளிச்சம் வரும், அப்புறம் பிரேக் அடிக்கறப்ப சக்கரத்துக்குள்ள டிஸ்க் கரி அடுப்பு மாதிரி தகதகன்னு செவக்கும், கார் திரும்பி ஆக்சிலேட்டர மிதிச்ச உடனே அந்த செவப்பு அப்படியே மங்கிப் போகும். பின்னாலயே ஒரு ஹைப்பர்கார் லைட்டு அடிச்சு அடிச்சு வரும், ஜிடி டிரைவர் தன் லைன (வேகமா போற பாதைய) விடாம ஒரு கார் அளவுக்கு மட்டும் எடம் விடுவான். இந்த மாதிரி சின்ன விஷயத்த பாத்துட்டே ரெண்டு மணி நேரம் போயிடும். சத்தத்துல காடிலாக் தான் ராஜா, 5.5 லிட்டர் வி8, டர்போ கிடையாது, கண்ண மூடிட்டு நின்னாலும் நெஞ்சுல வந்து இடிக்கும். டொயோட்டா பாவம், விசிலடிச்சுட்டு போற மாதிரி போகும்.

அன்னிக்கு ராத்திரி மழை புடிச்சது பாருங்க, நாலு மணி நேரத்துக்கு மேல சேஃப்டி கார், அதாவது அது முன்னாடி மெதுவாப் போகும், யாரும் முந்தக் கூடாது. உயிரோட இருந்த காரெல்லாம் வரிசையா ஊர்கோலம் போகுது. என்கூட வந்தவர் பாரிஸ் லா ஷப்பேல் ஏரியால கடை வெச்சிருக்கற யாழ்ப்பாணத்து அண்ணா, கொத்து ரொட்டி பார்சல் கட்டிட்டு வந்திருந்தார், தார்பாய்க்கு அடில நின்னு ஆறிப்போன கொத்த சாப்ட்டுட்டே கேட்டார், "தம்பி, இவங்கள் இப்பிடியே விடியுமட்டும் சுத்தப் போறாங்களோ?" ஆமாண்ணான்னேன். "அப்ப நான் படுக்கிறன், ஆரும் முந்தினா எழுப்பும்"ன்னு படுத்துட்டார். சரியான முடிவு. சின்ன வயசுல விடிய விடிய பாரதக் கூத்து பாக்கறப்ப நடுவுல தூங்கி எந்திரிச்சு துரியோதனன் இன்னும் சாகலயான்னு கேப்போமே, லே மானும் அப்படித்தான், எப்ப தூங்கணும்னு தெரிஞ்சவன் தான் முழுசா பாப்பான். 24 மணி நேரமும் முழிச்சே இருந்தேன்னு பெருமை பேசறவன் கடைசி ஒரு மணி நேரத்துல குறட்டை விடுவான்.

ராத்திரியே பைக் ரேஸ் சாம்பியன் வாலண்டினோ ரோஸியோட பிஎம்டபிள்யூ அவுட், அவர் நம்பர் 46ன்னு மஞ்சத் தொப்பி போட்டுட்டு வந்த கூட்டத்தோட மூஞ்சி காலைல காபி கியூல பாக்க சகிக்கல. நம்ம ஊர் கணக்கும் ஒண்ணு இருக்கு. 2009ல நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஆடி கார் ஓட்ட வேண்டியது, ஸ்டார்ட்டுக்கு கொஞ்ச முன்னாடி பிட் (கார் நின்னு டயர், எரிபொருள் போடற எடம்) சுவர்லேர்ந்து விழுந்து தோள்பட்டை நழுவிடுச்சு, மூணு பேரு மாத்தி மாத்தி ஓட்ட வேண்டிய கார மிச்ச ரெண்டு பேரே ஓட்டி ஏழாவது வந்தாங்க. 2012ல சென்னை கருண் சந்தோக் ஓட்டி டீம் ஆறாவது வந்துச்சு, லே மான் ரேஸ்ல ஓட்டின மொத இந்தியர் அவர் தான். இத அண்ணாகிட்ட சொன்னேன், "ஏழாவது வந்த காரில ஏறாமலே போட்டாரோ"ன்னு அவர் நரேனுக்காக ரொம்ப நேரம் வருத்தப்பட்டார்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் தான் ரேஸே. முன்னாடி இருந்த 50ஆம் நம்பர் ஃபெராரிக்கு கதவு சரியா மூடல, அவ்ளோ வேகத்துல கதவு ஆடுது, பெரிய ஸ்க்ரீன்ல பாத்துட்டு கூட்டமே ஆ-ன்னு கத்துது, பிட்டுக்கு வந்து மூடிட்டுப் போன்னு அதிகாரிங்க கூப்ட்டுட்டாங்க. நேரம் தப்பி பிட் எடுத்ததால அத ஓட்டின நிக்லாஸ் நீல்சன் கடைசி வரைக்கும் எனர்ஜிய (எரிபொருள் மாதிரி, பிட்டுக்கு பிட் அளவு உண்டு) மிச்சம் புடிச்சே ஓட்ட வேண்டியதாப் போச்சு. பின்னாடி 7ஆம் நம்பர் டொயோட்டா, அது ஸ்டார்ட்ல 23ஆவது எடத்துலேர்ந்து வந்த கார், மழை வேற திரும்ப வந்துடுச்சு. ஃபெராரி ஜெயிக்கறப்ப எனர்ஜி 2 சதவீதம் தான் மிச்சம், வித்தியாசம் 14 செகண்ட். 311 ரவுண்டு, 4,200 கிலோமீட்டர் சொச்சம், காஷ்மீர் கன்னியாகுமரிய விட ஜாஸ்தி, அதுல 14 செகண்ட். மொத ஒம்பது காரும் அதே 311 ரவுண்டு முடிச்சுது.

தூங்கி வழிஞ்சாலும் கடைசி வரைக்கும் இருங்கன்னு இதுக்குத்தான் சொல்றேன். 2016ல ஜெயிச்சிட்டே இருந்த டொயோட்டா மூணு நிமிஷம் இருக்கறப்ப சக்தி போயி பிட் சுவருக்கு எதிர்லயே நின்னுச்சு, போர்ஷே கப்ப தட்டிட்டுப் போயிடுச்சு. டிராஃபிக்குக்கு பயந்து முன்னாடியே கெளம்பினவங்க அத கார் ரேடியோல கேட்டிருப்பாங்க.

முடிஞ்ச உடனே கேட்ட தொறந்து ட்ராக்ல விடுவாங்க. கண்டிப்பா எறங்கி நடங்க, ரேஸிங் லைனுக்கு வெளில கருப்பு ரப்பர் துண்டு கோலிக்குண்டு சைஸுக்கு உருண்டு கெடக்கும், செருப்புக்கு அடில ஒட்டிக்கிட்டு வரும், போடியம் கீழ நின்னு கத்தறது அதெல்லாம் டிவில வராது.

போறவங்களுக்கு: கிராண்ட்ஸ்டாண்ட் டிக்கெட் வேண்டாம், சாதா டிக்கெட்லயே ஊர் சுத்தலாம். காதடைப்பான், ரெயின்கோட்டு, பழைய ஷூ. அப்புறம் ரிட்டர்ன் ட்ரெயின் ஆறு மணிக்கு போடாதீங்க, ட்ராம் ஏறவே ஒரு மணி நேரம் ஆகும், ராத்திரி கடைசி வண்டிக்குப் போடுங்க.